‘ரெபெக்கா’: படம் விட்டுவிட்ட கொலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் பழைய மர்மப் படங்களைப் பற்றி நீங்கள் வெளியிட்டு வரும் தொடரை வாராவாரம் விடாமல் படிக்கிறேன். சென்ற வாரம் ‘ரெபெக்கா’ வந்திருந்தது. 1940-ல் வெளியான ஹிட்ச்காக் படம். நடிப்பு, ஒளிப்பதிவு, அந்த வீடு என்று கட்டுரையாளர் பாராட்டியிருப்பது எல்லாமே தகும். ஆனால் கடைசிப் பத்தியில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். டாஃப்னி டு மோரியரின் நாவலை ஹிட்ச்காக் அப்படியே படமாக்கிவிட்டார் என்பது ஒன்று. ஆகவே படத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தடித்த நாவலைத் தேடி அலைய வேண்டாம் என்பது இன்னொன்று. முதலாவது உண்மையில்லை. அது உண்மையில்லாதபோது இரண்டாவதும் நிற்காது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகிவிட்டது, இடத்துக்குத் தகுந்தபடி சுருக்கிக்கொள்ளுங்கள். கொலையைப் பற்றிய பகுதியை மட்டும் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நாவல் 1938-ல் வந்தது. தாய் தகப்பன் இல்லாத, கையில் காசும் இல்லாத ஓர் இளம்பெண், பணக்கார அம்மாள் ஒருத்திக்குத் துணையாளாக மாண்டி கார்லோவுக்குப் போகிறாள். அங்கே மேக்ஸிம் டி விண்டர் என்பவரைச் சந்திக்கிறாள். நாற்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். சில வாரங்களிலேயே கல்யாணம். இங்கிலாந்தில் கடலோரமாக இருக்கும் மாண்டர்லி என்ற அவருடைய பெரிய வீட்டுக்கு இரண்டாந்தாரமாக வந்து இறங்குகிறாள். வீடு முழுக்க, கடலில் மூழ்கி இறந்துபோன மூத்தவள் ரெபெக்காதான். அவள் எழுதிய மேஜை, அவள் வைத்த பூச்சாடி, அவள் வகுத்த சாப்பாட்டு நேரம். அவளைத் தெய்வமாகக் கும்பிடும் டான்வர்ஸ் என்ற வீட்டு நிர்வாகி. கதையைச் சொல்லும் இந்தப் பெண்ணுக்கு நாவலில் பெயரே கிடையாது. படத்திலும் இல்லை.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று நீங்கள் நினைக்கலாம். கல்லூரியில் இந்த நாவலின் சுருக்கப் பதிப்பு எங்களுக்கு நான்-டீடெயிலாக இருந்தது. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டேன். பிறகு அரசலாற்றங்கரையில் ஒரு கிராமத்துப் பெரிய வீட்டுக்கு நானே இரண்டாந்தாரமாகப் போனேன். போன கொஞ்ச நாளில் கும்பகோணத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் முழு நாவலும் கிடைத்தது. மத்தியானத்தில், வீடே தூங்கும் நேரத்தில், கொல்லைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இந்த நாவலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அத்தனையும் அந்தத் தாழ்வாரத்தில் கிடைத்ததுதான். என் அம்மா வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவல்களைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படிப்பார். மர்மக் கதை என்றால் எங்கள் குடும்பத்தில் அவ்வளவு மரியாதை.

நாவலில் ஓர் இடம். கல்யாணமாகி வந்த மறுநாள் காலை வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசி அடிக்கிறது. திருமதி டி விண்டரா என்று கேட்கிறார்கள். இவள் பதறிப்போய், ஆள் மாறிக் கேட்கிறீர்கள், திருமதி டி விண்டர் இறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்று பதில் சொல்கிறாள். அப்புறம்தான் அந்தப் பெயர் இப்போது தன்னுடையது என்று உறைக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் உரக்கடைப் பையன் வந்து வீட்டம்மா இருக்காங்களா என்று கேட்டால் நானும் உள்ளே திரும்பித்தான் பார்ப்பேன். கூடத்தில் மாலை போட்ட படத்தில் அக்கா, அதாவது என் வீட்டுக்காரரின் மூத்த தாரம், இருப்பார். அந்தத் தொலைபேசிக் காட்சி படத்திலும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆகவே படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சொல்லப்போனால் நாவலால் முடியாத ஒன்றைப் படம் செய்திருக்கிறது. கட்டுரையில் அது விட்டுப்போய்விட்டதால் நானே சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் இருக்கும் படகு வீட்டில், ரெபெக்கா இறந்த இரவில் என்ன நடந்தது என்று மேக்ஸிம் தன் மனைவியிடம் சொல்லும் காட்சி. வேறு இயக்குநராக இருந்தால் பின்னோக்கிப் போய் ரெபெக்காவை ஒரு நடிகையாக நம் முன் நிறுத்தியிருப்பார். ஹிட்ச்காக் படம் முழுவதிலும் அவளை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. இந்தக் காட்சியில் காலியான சோபாவைக் காட்டுகிறார். அவள் எழுந்தாள், என்னைப் பார்த்து நடந்து வந்தாள் என்று மேக்ஸிமாக நடித்த லாரன்ஸ் ஒலிவியர் சொல்லச் சொல்ல, யாருமே இல்லாத இடத்தைப் பின்தொடர்ந்து கேமரா மெதுவாக நகர்கிறது. அவள் உட்கார்ந்த இடம், எழுந்த இடம், நின்ற இடம் எல்லாம் நமக்குத் தெரிகிறது. அவள் மட்டும் தெரியவில்லை. எழுத்தில் இதைச் செய்ய வழியே கிடையாது.

ஜூடித் ஆண்டர்சன் நடித்த டான்வர்ஸும் அப்படித்தான். அவள் நடந்து வருவதைப் பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. அந்தப் பெண் திரும்பினால் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அதை யோசித்தே செய்ததாக ஹிட்ச்காக் பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணாக நடித்த ஜோன் ஃபான்டெய்ன் தோளைக் குறுக்கிக்கொண்டு, விரலைப் பிசைந்துகொண்டு நிற்கும் விதம் ஒன்றே போதும், புது மருமகளின் நிலை புரிந்துவிடும். சிறந்த படத்துக்கும் ஒளிப்பதிவுக்கும் அந்த வருஷத்து ஆஸ்கர் கிடைத்தது. அதெல்லாம் நியாயமாகக் கிடைத்ததுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாவலில் மேக்ஸிம் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறார். படத்தில் அவர் கொல்வதில்லை.

நாவலில் நடப்பது இது. ரெபெக்கா ஊருக்கு முன்னால் நல்ல மனைவியாகவும், உள்ளே தன் இஷ்டப்படியும் வாழ்ந்தவள். அவளுடைய நெருங்கிய உறவுக்காரன் ஃபேவல் படகு வீட்டுக்கு வந்து போகிறான் என்று தெரிந்து, மிரட்டுவதற்காக மேக்ஸிம் துப்பாக்கியோடு போகிறார். அங்கே அவள் தனியாக இருக்கிறாள். எனக்கு ஒரு குழந்தை பிறந்தால் அது உன்னுடையது இல்லை என்று உன்னால் நிரூபிக்க முடியாது, நாளைக்கு மாண்டர்லிக்கு அதுதான் வாரிசு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவர் சுட்டுவிடுகிறார். குண்டு நெஞ்சில் பாய்கிறது. ரத்தத்தைக் கழுவுகிறார், உடலைப் படகுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார், அடிப்பலகையில் துளை போட்டுப் படகை மூழ்கடிக்கிறார். சில மாதம் கழித்து வேறெங்கோ கரை ஒதுங்கிய யாரோ ஒரு பெண்ணின் உடலை, இவள்தான் என் மனைவி என்று அடையாளம் காட்டி, குடும்பக் கல்லறையில் வைத்துவிட்டு வருகிறார். இத்தனையும் செய்தவர்தான் நம் கதாநாயகன்.

படத்தில் அவள் சிரித்துக்கொண்டே எதிரே வருகிறாள், தடுக்கி விழுகிறாள், படகுச் சாமான் ஒன்றில் தலை அடிபட்டு இறக்கிறாள். பயந்துபோய் உடலை மறைத்தது மட்டும்தான் மேக்ஸிம் செய்த குற்றம். அதைக் கேட்டதும் நீங்கள் கொல்லவில்லையே, அது விபத்துதானே என்கிறாள் மனைவி. ஆமாம், யார் நம்புவார்கள் என்கிறார் அவர்.

ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் காரணம் தெரிந்ததுதான். அமெரிக்கப் படங்களுக்கு அப்போது ஒரு தணிக்கை நெறிமுறை இருந்தது, 1934 முதல் அது கண்டிப்பாக நடைமுறையில் இருந்தது. மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பிப்பதை அந்த அலுவலகம் ஒப்புக்கொள்ளவில்லை. இதில் பெரிய வருத்தம் என்னவென்றால், தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் நாவலைத் துளிகூட மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். ஹிட்ச்காக் முதலில் எழுதிக் கொடுத்த திரைக்கதைச் சுருக்கத்தை, நாவலை விட்டு விலகிப் போகிறது என்று திருப்பி அனுப்பியவர். நாம் வாங்கியது ‘ரெபெக்கா’, எடுக்கப்போவதும் ‘ரெபெக்கா’தான் என்று சொன்னவர். அவரே இந்த ஒரு விஷயத்தில் வளைந்துகொடுக்க வேண்டியதாயிற்று. மனைவியைக் கொன்ற ஒருவனின் கதை, தற்செயலாகச் செத்த மனைவியைப் புதைத்த ஒருவனின் கதையாகிவிட்டது என்று அவரே அலுத்துக்கொண்டார். உங்கள் கட்டுரையாளர் கண்ணில் படாதது, படத்தை எடுத்தவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஒரு சம்பவம் மாறியதில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். மேக்ஸிம் எப்படிப்பட்டவர் என்பது மாறியது சின்ன விஷயம். அவர் மனைவி எப்படிப்பட்டவள் என்பதும் மாறிவிட்டது, அதுதான் பெரிய விஷயம்.

நாவலில் அவர் சுட்டேன் என்று சொல்லும்போது அந்தப் பெண்ணின் காதில் விழுவது வேறு. இவர் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை, வெறுத்தார். அது ஒன்றுதான் அவளுக்குக் கேட்கிறது. கொலை, ரத்தம், பொய் அடையாளம் எதுவுமே அவள் மனதில் ஒட்டவில்லை. மூத்தவளின் நிழலில் குமைந்துகொண்டிருந்தவளுக்கு ஒரே நிமிஷத்தில் விடுதலை கிடைக்கிறது. அந்த நிமிஷத்திலிருந்து அவள் நிமிர்ந்து நிற்கிறாள். வேலைக்காரர்களுக்குத் தயங்காமல் உத்தரவு போடுகிறாள். டான்வர்ஸ் அனுப்பிய சாப்பாட்டுப் பட்டியலைத் திருத்துகிறாள். இப்போது திருமதி டி விண்டர் நான்தான் என்று சொல்கிறாள். ஒரு கொலையை மறைக்க ஒத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அந்த வீட்டில் இடம் கிடைக்கிறது. இதைப் படித்தபோது தாழ்வாரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. ஏனென்றால் அவளோடு சேர்ந்து நானும் சந்தோஷப்பட்டிருந்தேன்.

டு மோரியரின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. கடைசி நூறு பக்கமும், மூழ்கிய படகும் ரெபெக்காவின் உடலும் கிடைத்த பிறகு நடக்கும் விசாரணையில் மேக்ஸிம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நாம் பதறுகிறோம். படகைப் பழுது பார்த்தவன் சாட்சி சொல்ல எழுந்தால் நமக்குத் தொண்டை வறண்டுபோகிறது. ஃபேவல் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசும்போது அவன் வாயை யாராவது அடைக்க மாட்டார்களா என்றிருக்கிறது. ஆனால் ஃபேவல் சொல்வது உண்மை. அவன் குடிகாரன், பணத்துக்கு அலைபவன், எல்லாம் சரி. ரெபெக்கா கொலை செய்யப்பட்டாள் என்று அந்த அறையில் உண்மையைச் சொல்லும் ஒரே ஆள் அவன்தான். அவனை நாம் வெறுக்கிறோம், கொலைகாரர் தப்பிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். படத்தில் அதே ஃபேவல் நிரபராதி ஒருவரைத் தொந்தரவு செய்யும் வெறும் வில்லன். ஜார்ஜ் சாண்டர்ஸ் அருமையாகத்தான் செய்திருக்கிறார். ஆனாலும் பார்க்கிற நமக்கு அங்கே மனசாட்சிக்கு வேலை இல்லை.

என் பேத்தி தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறாள். அக்காவின் மகனுடைய மகள். உங்கள் கட்டுரையை வாசித்துவிட்டுப் படத்தைக் கைபேசியில் பார்த்தாள். கதை தெரிஞ்சுபோச்சு அப்பாயி, இனிமே புத்தகம் எதுக்கு என்றாள். படகு வீட்டு அத்தியாயத்தை மட்டும் படிடா கண்ணு என்று கொடுத்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தாளு கொலை பண்ணிட்டேங்கிறாரு, இவ ஏன் சந்தோஷப்படுறா என்று கேட்டாள். படத்தைப் பார்த்த ஒருவருக்கும் இந்தக் கேள்வி வர வழியில்லை. அன்றைக்கு ஆரம்பித்தவள் இப்போது முதல் அத்தியாயத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு இடத்தையும் சொல்ல வேண்டும். மாறுவேட விருந்து. என்ன உடுத்துவது என்று தெரியாமல் இருக்கும் அந்தப் பெண்ணிடம், மாடியில் மாட்டியிருக்கும் ஒரு மூதாதைப் பெண்ணின் படத்தைக் காட்டி, அதைப் போலத் தைத்துக்கொள்ளுங்கள் என்று டான்வர்ஸ் யோசனை சொல்கிறாள். இவளும் ரகசியமாகத் தைத்துக்கொண்டு, எல்லோரும் அசந்துபோவார்கள் என்று படி இறங்கி வருகிறாள். கீழே நிற்கிறவர்கள் முகம் வெளிறிப்போகிறது. முன்பு நடந்த மாறுவேட விருந்தில் ரெபெக்கா உடுத்தியிருந்தது அதே உடை.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவர்களுக்குப் படையல் போடும்போது புதுப்புடவை வைப்பது வழக்கம். கும்பிட்டு முடிந்ததும் வீட்டுப் பெண் ஒருத்தி அதை எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். நான் போன முதல் தையில் திருபுவனத்தில் எடுத்த அரக்குப் பட்டு ஒன்றை அக்காவுக்கு வைத்தார்கள். மாமியார் அதை எடுத்து, அவ கையால தர்ற மாதிரி நெனச்சு கட்டிக்க என்று என்னிடம் கொடுத்தார். கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது யாரும் முகம் மாறவில்லை. அக்கா சமைத்த அடுப்படியில் அன்றுதான் எனக்குக் கொஞ்சம் கூச்சம் விட்டது. மாண்டர்லிக்கும் அந்த வீட்டுக்கும் உள்ள தூரம் அந்தப் புடவை அளவுதான். இறந்தவள் உடையை இளையவளுக்குத் தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கட்டவைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை டு மோரியர் எப்படி அவ்வளவு துல்லியமாகப் பிடித்தார் என்று இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது. அவர் கணவருக்கு இவருக்கு முன்பு வேறொரு பெண்ணோடு நிச்சயமாகியிருந்தது, அந்தப் பெண்ணின் நினைப்பு டு மோரியரை விடாமல் உறுத்தியது என்பார்கள். இந்த நாவலைப் பொறாமையைப் பற்றிய ஆய்வு என்றே அவர் சொல்லியிருக்கிறார்.

படி இறங்கி வரும் காட்சி படத்தில் நன்றாகவே இருக்கிறது. அதற்கு அடுத்து வருவதைத்தான் படம் தாண்டிப் போய்விடுகிறது. படத்தில் அவள் அழுதுகொண்டே மாடிக்கு ஓடுகிறாள். ரெபெக்காவின் அறையில் டான்வர்ஸ் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, குதித்துவிடு என்று காதோடு காதாகச் சொல்கிறாள். அந்த நேரத்தில் கடலில் ஒரு கப்பல் தரைதட்டியதாக வாணம் வெடிக்கிறது. எல்லாம் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்து வந்துவிடுகிறது. நாவலில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சாதாரண நீல உடையை மாட்டிக்கொண்டு, திரும்பக் கீழே வருகிறாள். விருந்து முடியும்வரை கணவனுக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கெல்லாம் சிரித்த முகம் காட்டுகிறாள். மேக்ஸிம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு அவர் அறைக்கு வருவதுமில்லை. அந்த ஜன்னல் காட்சி மறுநாள், பனிமூட்டத்தில் நடக்கிறது.

அந்த விருந்து ராத்திரி நாவலில் பக்கம் பக்கமாக நீள்கிறது. எதுவும் நடக்காது. வாத்தியம் வாசிக்கிறார்கள், ஆடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். அவள் நிற்கிறாள். புகுந்த வீட்டு விசேஷத்தில் உள்ளுக்குள் நொறுங்கிப்போய் வெளியே பந்தி விசாரித்த எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பக்கங்களை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வருவதால்தான் ஜன்னலில் அவள் குதித்துவிடுவாளோ என்று நமக்கே பயம் வருகிறது. ஒரு ராத்திரி முழுக்க நின்று களைத்தவளுக்குச் சாவு ஓய்வாகத் தெரியும். படத்தில் அது ஒரு நொடி அதிர்ச்சியில் வரும் மயக்கம், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் சொச்சத்தில் முடிக்க வேண்டிய படத்துக்கு இதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நாவலைப் படிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் இந்த ராத்திரியைத்தான் அவர் பறிக்கிறார்.

முடிவும் அப்படியே இல்லை. ரெபெக்கா ரகசியமாகப் பார்த்திருந்த லண்டன் மருத்துவரிடம் விசாரிக்கப் போகும் கடைசிப் பயணத்தில் நாவலில் அவள் கணவனோடு காரில் போகிறாள். ரெபெக்காவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது, குழந்தை பிறக்க வழியே இல்லை என்று மருத்துவர் சொல்வதை அவளும் கேட்கிறாள். சாகப்போகிறவள் தன்னைச் சுட வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று மேக்ஸிம் உணர்வதை அவளும் பார்க்கிறாள். படத்தில் அவளை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள், போய் வருவது ஆண்கள் மட்டும். வீடு எரியும்போது, உள்ளே நெருப்புக்கு நடுவில் டான்வர்ஸ் நிற்பதையும், கணவனும் மனைவியும் கட்டிக்கொள்வதையும், கடைசியில் ரெபெக்காவின் பெயரெழுத்து தைத்த துணி தீயில் கருகுவதையும் படம் காட்டுகிறது. பிரமாதமான காட்சி. நாவலில் தீயே கண்ணில் படுவதில்லை. விடியும் முன் காரில் வருகிறவர்கள் அடிவானம் சிவந்திருப்பதைப் பார்க்கிறார்கள், கடல் காற்றில் சாம்பல் வருகிறது, அத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது. டான்வர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று மட்டும் தெரியும். யார் கொளுத்தினார்கள் என்று எழுதியவர் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது முதல் அத்தியாயங்களிலேயே வந்துவிடுகிறது. வெளிநாட்டில், சின்னச் சின்ன ஓட்டல்களில், ஊர் திரும்ப முடியாமல் இருக்கிறார்கள். அவள் பழைய பத்திரிகையில் வந்த கிரிக்கெட் ஆட்டக் கணக்கை அவருக்குப் படித்துக் காட்டுகிறாள். அவருக்கு மாண்டர்லி நினைவு வந்துவிடக் கூடாது என்று எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் படிக்கிறாள். சட்டம் அவரைத் தண்டிக்கவில்லை என்றுதானே தணிக்கைக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அந்த ஓட்டல் அறைகளைப் பற்றி எழுதியிருப்பதை ஒழுங்காகப் படித்திருந்தால், தண்டனை இல்லை என்று அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். படத்தின் தொடக்கத்தில், மாண்டர்லியைக் கனவில் கண்டதைச் சொல்லும் அவள் குரல் இருக்கிறது. இந்த வாழ்க்கை இல்லை.

ரெபெக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் கெட்டவள் என்பதை நமக்குச் சொல்வது முக்கியமாக அவளைச் சுட்டவர்தான். டான்வர்ஸ் சொல்வதும், கடற்கரையில் திரியும் பென் என்ற அப்பாவி பயந்து பயந்து சொல்வதும் அதற்கு ஓரளவு ஒத்துப்போகின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் செத்துப்போனவள் எழுந்து வந்து தன் பக்கத்தைச் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டிலும் அக்காவைப் பற்றி மாமியார் ஒரு கதை சொல்வார், சமையல்காரம்மா ஒரு கதை சொல்வார், என் வீட்டுக்காரர் ஒன்றுமே சொல்ல மாட்டார். மூன்றையும் வைத்துக்கொண்டு நானே ஓர் அக்காவை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நாவலைப் படிக்கும்போது அந்த வேலையை நாமே செய்கிறோம். கொன்றவர் வாயால் கேட்கிறோம் என்ற ஞாபகம் நமக்கு இருந்துகொண்டே இருக்கும். படத்தில் மேக்ஸிம் நிரபராதி, ஆகவே அவர் சொல்வதை நம்பிவிடுகிறோம், ரெபெக்கா கெட்டவளாகவே நின்றுவிடுகிறாள். கொலையை எடுத்ததும் அவள் பக்கம் பேச இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது.

ஆசிரியர் அவர்களே, கட்டுரையாளரை நான் குறை சொல்லவில்லை. படத்தை அவர் ரசித்துப் பார்த்திருக்கிறார், அது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. நாவலைப் படிக்காமல் நாவலைப் பற்றி எழுதிவிட்டார் என்பதுதான் என் வருத்தம். உங்கள் இணைப்பை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கல்லூரிப் பெண்கள் வரிசையாக வாங்கிப் படிக்கிறார்கள். தேட வேண்டாம் என்று நீங்கள் அச்சடித்துவிட்டால் அவர்கள் தேட மாட்டார்கள். நாவலில் மேக்ஸிம் தன் மனைவியைக் கொலை செய்கிறார், படத்தில் தணிக்கைக்காக அது மாற்றப்பட்டது என்று இரண்டு வரி திருத்தமாவது வரும் ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும்.

தொடரில் அடுத்து ‘பறவைகள்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். அதுவும் டு மோரியர் எழுதியதுதான். ஆனால் 1963-ல் வந்த ஹிட்ச்காக் படத்துக்கும் 1952-ல் வந்த அந்தச் சிறுகதைக்கும் பறவைகளைத் தவிரப் பொதுவாக எதுவுமில்லை என்றே சொல்லலாம். கதை இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் பண்ணை வேலை பார்க்கும் நாட் ஹாக்கன் என்பவனையும் அவன் குடும்பத்தையும் பற்றியது. படம் நடப்பது கலிஃபோர்னியாவில், வசதியான மனிதர்களிடையே. சின்னக் கதைதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். எழுதப்போகிறவரிடம் அதைப் படித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். புத்தகம் கிடைக்கவில்லை என்றால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, தபாலில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம் வட்டம்